தேன் போத்தலும் நீல மருந்தும்

மூத்திரம் கொதிக்கிற மணம் எப்பிடி இரிக்கும் எண்டு உங்களில ஆருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும்! ஸ்பிரிட் லாம்புக்கு மேல கண்ணாடிக் குழாயைப் பிடிச்சிப் பிடிச்சி, ரெண்டு வருசம் அந்த மணத்துக்குள்ளதான் நிண்டனான்...

அறுபதுகள். மட்டக்களப்பில ஒரு டொக்டர் ஐயா, சயரோகம் வந்த ஆக்களுக்கு, அதான் டீபி, சீனி வருத்தமும், சக்கரை வியாதிதான், சேந்து இரிக்குதா எண்டு ஊர் ஊராப் போய் ஆராய்ச்சி செய்தார். நான் அவருக்கு உதவி. இருபத்தி மூணு வயசு. கை வேகம், வாய் அதை விட வேகம்.

இப்ப மாதிரி மெசின் இல்ல. நீல மருந்துக்குள்ள எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் கொதிக்க வைக்கிறது. நீலமாவே நிண்டா ஒண்டுமில்ல. பச்சை, மஞ்சள் எண்டு மாறினா கொஞ்சம் சீனி இரிக்கு. செங்கல் நிறத்துக்கு வந்தா... நல்லாவே இரிக்கு.

கரடியனாத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில முகாம். முதல் நாளே போய், மூத்திரம் எடுத்து வரக் கழுவின போத்தல் வீடு வீடாக் குடுக்க வேண்டியது என்ட சோலி. ஜீப் குலுங்கின குலுக்கில பாதிப் போத்தல் உடைஞ்சி போச்சி. திரும்பிப் போய்ச் சொல்ல வெக்கம். "கிடைக்காத ஆக்கள் வீட்டில இரிக்கிற போத்தல்ல கொண்டு வாங்க" எண்டு சொல்லிட்டு வந்திட்டன்.

அடுத்த நாள் காலம்பற குழாயைப் பிடிச்சா... செங்கல். அடுத்ததும் செங்கல். மறுகா ஒண்டு நீலம். திரும்பவும் செங்கல்!

டொக்டர் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அவர் ஏச மாட்டார், துடைப்பார். அதுக்கிடையில வாசல்ல கதை பரவிட்டு. ஒரு பெரியவர் "இனி நமக்குச் சோறு இல்லியாம்டாப்பா" எண்டு மரத்துக்குக் கீழ குந்திட்டார். அந்தச் செங்கல்காரரில கண்மணி அக்காவும் ஒராள். புருசன் இல்ல, ரெண்டு பொம்புளப் புள்ளைகள். சயரோகத்துக்கு மாசக் கணக்கா ஊசி போடுறா, இருமலும் விடல்ல, உடம்பும் தேறல்ல. அவ அழல்ல. என்ட முகத்தையே பாத்துக் கொண்டு நிண்டா.

அப்பதான் விறாந்தையில எறும்பைக் கண்டன். வரிசையாப் போத்தல்ல ஏறுது. சீனி எண்டா எறும்பு வரும்தானே எண்டு எல்லாரும் தலையை ஆட்டினாங்க. ஆனா எறும்பு ஏறினது போத்தலுக்கு வெளிப்பக்கம். தொட்டா, பிசுபிசுப்பு. மணந்து பாத்தன்...

தேன்!

காட்டுத் தேன் எடுக்கிற ஊர் அது. "ஏன்கா தேன் போத்தல்ல கொண்டு வந்த?" எண்டு ஒருத்தியக் கேட்டன். "பின்ன? டொக்டர் ஐயாட கையில குடுக்கிறதச் சாராயப் போத்தல்லயா புள்ள குடுக்கிற? வீட்டில இரிக்கிற நல்ல போத்தல் இதுதானே" எண்டா. ஒரு தண்ணி அலசினதாம். அந்த ஒடுங்கின கழுத்துக்குள்ள என்னத்தை அலசுற!

எனக்கு வந்த சந்தோசத்துக்கு, டொக்டருக்குச் சொல்ல முந்தியே வாசலுக்கு ஓடினன். "ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல, எல்லாம் தேன்!" கண்மணி அக்கா கிட்ட வந்து மெதுவாக் கேட்டா, "அப்ப நான் பாலுக்குத் தேன் விட்டுக் குடிக்கலாமா? உடம்பு தேறட்டும் எண்டு அதைத்தான் குடிக்கிறன்."

"தாராளமாக் குடிங்கக்கா!"

போத்தல் உடைஞ்ச கதையையும் டொக்டருக்குச் சொன்னன். கண்ணாடியை நெடுநேரம் துடைச்சார். கொப்பியில அண்டைக்கு எழுதின பக்கத்தை அப்பிடியே வெட்டிட்டு, "அடுத்த கிழமை திருப்பிச் செய்வம்" எண்டார்.

அடுத்த கிழமை எல்லாப் போத்தலையும் நானே கொதிதண்ணியில கழுவினன். நீலம், நீலம், நீலம்... அந்தப் பெரியவரும் நீலம். எனக்குப் பாட்டுப் பாடலாம் போல இரிந்தது.

"கண்மணி வரல்லியே?" எண்டார் டொக்டர், கொப்பியைப் பாத்து.

"அவக்கு ஒண்டுமில்ல ஐயா, அது தேன்."

"நீங்க திருப்பிப் பாத்தீங்களா?"

லாம்பையும் மருந்தையும் தூக்கிக் கொண்டு வட்டைக்குள்ளால, வயல் வரம்பில நடந்தன். போற வழியெல்லாம் நீலம், நீலம் எண்டு மனசுக்குள்ள சொல்லிக் கொண்டே போனன். கண்மணி அக்கா என்னைக் கண்டு சிரிச்சா. கழுவின போத்தலைக் குடுத்து, அவட வீட்டு முத்தத்திலயே லாம்பைக் கொழுத்தினன்.

பச்சை. மஞ்சள். மறுகா நிக்காமப் போய்... செங்கல்.

அவ குழாயைப் பாத்தா, என்னைப் பாத்தா. "நீதானே புள்ள தேன் எண்டு சொன்ன?"

கோவமாக் கேட்டிருந்தா தாங்கியிருப்பன். சும்மாதான் கேட்டா. நான் முத்தத்தில இரிந்து அழுதிட்டன். அவதான் எனக்குத் தண்ணி கொண்டு வந்து தந்தா. "ஒரு கிழமைதானே புள்ள போயிருக்கு. எழும்பு, நானும் ஜீப்பில வாறன்."

இன்சுலின் துவங்கினாங்க. உடனே ஒண்டும் நடக்கல்ல. ஒரு வருசத்துக்குக் கிட்டப் போனது, இருமல் நிண்டு கன்னத்தில சதை பிடிக்க. கிளினிக்குக்கு வாற நேரமெல்லாம் போத்தலை என்ட மூக்குக்கு நேர நீட்டுவா. "மணந்து பார் புள்ள, மறுகா தேன் எண்டு சொல்லிப் போடாத!" எல்லாருக்கும் முன்னால! நானும் மானம் கெட்டு மணப்பன்.

இப்ப எனக்கே சீனி. மகள் ஒரு மெசின் வாங்கித் தந்திருக்காள். விரல்ல ஒரு குத்து, எண்ணி முடிக்க முந்தி நம்பர் வருது. மணமும் இல்ல, லாம்பும் இல்ல, பிழையும் குறைவு. நல்ல காலம்தான், நான் குறை சொல்லல்ல.

ஆனா இண்டைக்கு நம்பர் கூடிட்டு. மேசையில தனியா இரிந்து அதையே பாத்துக் கொண்டிருந்தன். "எழும்பு, நானும் வாறன்" எண்டு சொல்லக் கண்மணி அக்கா மாதிரி ஒராள் இல்ல...