நூல் கட்டி வரைந்த பெட்டிகள்

எஸ்டேட் ஆபீஸைத் தாண்டி இறக்கத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் சட்டைப் பொத்தான்களைப் போட்டேன். கையில் ஒரு துணிப்பை, அதில் இரண்டு சட்டை, ஒரு கம்பளி. ஆபீஸ் கதவு திறந்திருந்தது. கணக்கெழுதும் கிராணி உள்ளே உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்ததைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

முந்தைய நாள் மாலைதான் பக்கத்து வீட்டுக்காரனின் மனைவியிடம், காலையில் ஆபீஸுக்குப் போய்ப் பேசுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அது எழுபதுகளின் கடைசி. கேமரன் மலைத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் எனக்குப் பெட்டி அடிக்கும் வேலை. ஒட்டுப்பலகைகளைச் சேர்த்து, ஓரங்களில் தகரம் வைத்து ஆணியடித்து, உள்ளே ஈயத்தாள் விரித்துக் கொடுப்பேன். தூளை நிரப்பி மூடிய பிறகு, வெளித் தாழ்வாரத்தில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் பெட்டியின் மேல் கறுப்பு மையால் தோட்டத்தின் பெயரைப் பதிப்பான். என் வயதுதான் அவனுக்கும். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒரே பலகைச் சுவர்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவே. எனக்குச் சாப்பாடு அவன் வீட்டில்.

ஒரு நாள் வடை சுற்றி வந்த தாளில் ஒரு பெட்டியின் படம் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து புரியவில்லை, படம் புரிந்தது. குறுக்கே ஒரு கோடு, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு புள்ளி, நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு. அதன் தலையிலிருந்தும் அடியிலிருந்தும் இரண்டு புள்ளிகளுக்கும் கோடு இழுத்தால் தாளில் பெட்டி எழுந்து நிற்கும். நாள் முழுக்கத் தூக்கி வைக்கிற பொருள் ஒரு தட்டைத் தாளில் அப்படிக் கனமாக நின்றது என்னை விடவில்லை.

காலண்டர் தாள்களின் பின்புறத்தில் வரைந்தேன். எல்லாம் கோணல். பின்பக்கம் முன்பக்கத்தைவிடப் பெரிதாகிவிடும். ஒரு நாளைக்குப் பத்து, இருபது என்று வரைந்தேன்.

"நாள் பூரா பெட்டி அடிக்கிற, வீட்டுக்கு வந்தும் பெட்டிதானா? ஒரு பொம்பளய வரையேன்லா, பாத்துக்கிட்டே சாப்புடலாம்" என்பான் அவன்.

"ஒங்களுக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்!" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும்.

புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் பெட்டியின் மூக்கு கூராகிவிடுகிறது என்பது மெல்லத்தான் பிடிபட்டது. அவற்றைத் தள்ளி வைக்கத் தாள் போதவில்லை. தொழிற்சாலை மேசையின் இரு ஓரங்களிலும் ஆணியடித்து நூல் கட்டினேன். நடுவே ஒட்டுப்பலகையை வைத்து நூலை இழுத்துப் பிடித்தால் கோடு எங்கே போக வேண்டுமோ அங்கே போனது. ஆனால் பென்சில் பலகையில் தெரியவில்லை. தாழ்வாரத்தில் அவன் இல்லாத நேரம் பார்த்து மை டின்னிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். பலகையின் உட்பக்கத்தில் வரைந்து, காயவிட்டு, பெட்டியாக அடித்து, ஈயத்தாளால் மூடிவிடுவேன். அந்த ஒரு மாதத்தில்தான் என் கை திருந்தியது.

தேயிலைத்தூள் எந்த வாசனையையும் குடித்துவிடும். தூள் நிரப்பும் அறைக்கு வரும் பெண்கள் தலைப்பூவை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தைலம் தடவி வந்தவனைக் கிராணி வெளியே அனுப்பிவிடுவார். மையில் மண்ணெண்ணெய் கலந்திருந்ததால்தான் அந்த வேலை தாழ்வாரத்தில் நடந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். காய்ந்தால் போய்விடும் என்று நினைத்தேன். முகர்ந்தும் பார்த்தேன். தினமும் அந்த மை வாடையிலேயே கிடந்த மூக்கு என்ன சொல்லும்? ஈயத்தாள் மடிப்பில் கிழியும் என்பதை யோசிக்கவில்லை.

பெட்டிகள் திரும்பி வரவில்லை. தூளில் மண்ணெண்ணெய் வாடை என்று வாங்கியவர் எழுதிய கடிதமும் ஒரு பொட்டலம் தூளும்தான் வந்தன. தோட்ட மேலாளரான துரை முகர்ந்துவிட்டுக் கிராணியிடம் நீட்டினார். கிராணி நேராகத் தாழ்வாரத்துக்குப் போய் மை டின்னை எடுத்து அவன் முன்னால் ஆட்டினார்.

"மூணு மாசத்துக்கு வர்ற மை, எங்கடா போச்சு? உள்ள கொண்டாந்து கொட்டுனியா?"

"நான் உள்ளயே வரலங்கய்யா."

"பின்ன, மை நடந்து வந்துச்சா?"

ஐந்தடி தள்ளி நான் சுத்தியலோடு நின்றிருந்தேன்.

மறுநாள் அவனைக் களைக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் போட்டார்கள். சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உள்ளவன். அதைச் சொல்லித்தான் தொழிற்சாலை வேலையே வாங்கியிருந்தான். இரண்டு வாரத்தில் வீட்டுப் படி ஏற இரண்டு முறை நின்றான்.

"அண்ணே, நீங்க உள்ளதான இருந்தீங்க. அவரு மைய எடுத்துக்கிட்டு உள்ள வரவே இல்லன்னு தொரகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்றாள் அவன் மனைவி, எனக்குச் சோறு போட்டபடி.

"காலைல சொல்றேன் தங்கச்சி."

அவன் வரவில்லை என்றால் பிறகு யார் என்பதுதான் துரையின் அடுத்த கேள்வியாக இருக்கும். அதனால்தான் அன்று காலை பையோடு இறங்கி நடந்துகொண்டிருந்தேன்.

வளைவில் மருந்தடிக்கும் கூட்டம் நின்றது. முதுகில் மருந்து டாங்கியோடு நின்ற அவன் மூக்கில் கட்டிய துண்டை இறக்கிவிட்டுக் கூப்பிட்டான்.

"எங்கலா போற?"

"தானா ராத்தா டவுனுக்கு."

"தொரகிட்ட பேசிட்டியா?"

"ஆபீஸ்ல ஆள் இல்ல."

"சரி, வந்து பேசு. பையப் பாத்தா பினாங்குக்கே குடி போற மாதிரி இருக்கு." சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, அவன் குனிந்து நின்றான். "வர்றப்ப எனக்கு இழுப்பு மாத்திர வாங்கிட்டு வா. மறந்துறாதலா."

மாத்திரை வாங்கினேன். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு எதிரே எங்கள் எஸ்டேட் லோரி நின்றிருந்தது. டிரைவரிடம் பொட்டலத்தைக் கொடுத்து அவன் வீட்டில் சேர்க்கச் சொன்னேன்.

"நீ வரல?"

"இல்லண்ணே."

"வேற எதாச்சும் சொல்லணுமா?"

லோரியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மையை எடுத்தது நான் என்று சொன்னால் போதும். அவரே ஆபீஸில் சொல்லிவிடுவார், அவன் மறுநாளே தாழ்வாரத்துக்குத் திரும்பிவிடுவான்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றேன். லோரி ஏற்றத்தில் போனது.

நான் கம்போங் ராஜா ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். மறுநாள் காலையில் ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்துச் சீனத் தவுக்கேயிடம் வேலை கேட்டேன்; அந்த முதலாளி, முன்பு எங்கே வேலை செய்தாய் என்று மலாயில் கேட்டார். தொழிற்சாலை என்றால் ஏன் விட்டாய் என்பார். எங்கேயும் இல்லை, எந்த வேலையும் தெரியாது என்றேன். அவர் கொட்டகையோரம் அடுக்கியிருந்த கோழிஎருச் சாக்குகளைக் காட்டினார். அவற்றை மேட்டுப் பாத்திக்குச் சுமந்து ஏற்றும் வேலையில் சேர்ந்தேன்.