ஞானையனின் இங்கிலீஷ் தட்டுகள்

குளத்தூரில் ரசனை உள்ள மனிதர் என்று ஒருவரும் இல்லை என்பது ஞானையனின் தீர்ப்பு. முப்பது வருடம் மைக் செட் வாடகைக்கு விட்டவர் அவர். சர்ச் திருவிழாவுக்கும் கோயில் உற்சவத்துக்கும் கேட்ட பாட்டையெல்லாம் போட்டுவிட்டு, கேட்டவர்களைக் கழுதைகள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வயதாகிப்போனவர். கடையை மூடியபோது தட்டு சுழலும் பழைய மெஷினை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அதில் ஓடுபவை பதினொரு இங்கிலீஷ் இசைத்தட்டுகள்.

அட்டையைப் பார்த்தாலே விவகாரம் புரியும். கோட்டு சூட்டு போட்ட நான்கு வெள்ளைக்காரர்கள் தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு நிற்பார்கள். ஐந்தாமவன் குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து கிட்டார் வாசிப்பான். டிரம்ஸ் முழங்கும்போது நடுவில் யாரோ தும்முவார். ஒரு பாட்டு முழுக்க ரயில் ஏன் வரவில்லை என்று ஒருவன் பிரசங்கம் செய்வான். ஞானையன் தொடையில் அடித்துச் சிரிப்பார். கூட இருப்பவன் முழித்தால் தட்டை நிறுத்திவிடுவார்.

"எலே, இது பிரிட்டீஷ் தமாசாக்கும். உனக்க மண்டையில ஏறாது, போ."

அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் ஆள். சரியான இடத்தில் தன்னோடு சேர்ந்து சிரிக்க ஓர் ஆள். சாவதற்குள் அப்படி ஒருவரைப் பார்த்துவிட வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

மனைவி ஜெபமலரை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை. அவள் பூவாரில் ஒரு ரிசார்ட்டில் இருபது வருடம் அறை பெருக்கியவள். தட்டுகளைக் கொண்டுவந்ததே அவள்தான். நாடு திரும்பிய வயதான வெள்ளைக்காரர் ஒருவர் பெட்டியோடு அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "சொமந்துட்டு வந்தா, அவ்வளவுதான்" என்பார் ஞானையன்.

அவள் இறந்த பிறகு வருடாவருடம் நினைவு ஜெபம் நடத்தினார். அதில் ஊர்க்காரர்களைக் கீர்த்தனை பாட அவர் விடவில்லை. பதினொரு தட்டுகளிலும் தமாஷ் இல்லாத பாட்டு ஒன்றே ஒன்று உண்டு என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆர்கன் மெல்ல இழையும்; பெரிய குவயர் ஒன்று துக்கத்தோடு இழுத்துப் பாடும். வார்த்தை விளங்காது. நம் சர்ச் குவயர் பாடினால் மட்டும் விளங்குகிறதா? அதைப் போட்டதும் ஜெபம் நடத்த வந்த உபதேசியார் கண்ணை மூடுவார், பெண்கள் முக்காட்டைச் சரிசெய்வார்கள். இங்கிலீஷும் ஆர்கனும் சேர்ந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் அது ஞானப்பாட்டுதான்.

மூன்றாம் வருடம் பக்கத்து வீட்டு சரசம்மா தன் மகள் அனகாவையும் கூட்டி வந்தாள். அனகா ஏழு வருடமாக இங்கிலாந்தில் நர்ஸ், லீவுக்கு வந்திருந்தாள். ஞானையனுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெபம் முடிந்ததும் அவளுக்குப் போட்டுக்காட்ட மற்ற தட்டுகளைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். முதலில் துக்கப்பாட்டு ஓடியது.

இரண்டாவது வரியிலேயே அனகா வாயைப் பொத்தினாள். நாலாவது வரியில் வெடித்துச் சிரித்துவிட்டாள்.

"மக்கா, ஜெபமாக்கும் நடக்கு" என்றார் உபதேசியார்.

"சாரி உபதேசியாரே. இது ஒருத்தருக்க பல்செட்டு கக்கூசில விழுந்துபோன பாட்டாக்கும். கடல்ல சேர்ந்திருக்கும், இனி வராதுண்ணு எல்லாரும் சேர்ந்து அழுதாவ."

உபதேசியார்தான் முதலில் சிரித்தார். பிறகு யாரையும் அடக்க முடியவில்லை.

"நீ படிச்சது ஊசி போட!" என்று ஞானையன் கத்தினார். "பாட்டுக்க அர்த்தம் உனக்கு என்ன தெரியும்?"

"அவளுக்குத் தெரியாண்டாம், மலருக்குத் தெரியுமே" என்றாள் சரசம்மா. "வெள்ளக்காரங்ககூட இருபது வருசம் பேசிப் பழகினவளாக்கும். நீங்க சாயாக்கடைக்குப் போன பொறவு இதைப் போட்டு எனக்கு வரி வரியா சொல்லித் தருவா. ரெண்டு பேரும் வயித்தப் பிடிச்சிட்டுக் கெடப்போம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீங்க எப்பமாவது கேட்டியளா அண்ணே? இது துக்கப்பாட்டுண்ணு நீங்க சொன்ன அண்ணைக்கு அவ அடுக்களையில வந்து நிண்ணு சிரிச்சா. பாவம் மனுசன், இருக்கட்டும்ணா."

வீடு நிறையச் சிரிப்பு. தட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எந்த வரியில் அவள் சிரித்திருப்பாள் என்று ஞானையன் முதன்முறையாகக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.