சாக்ஸ் காலோடு வருகிறவள்

இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுகிறாள். கழற்றிய ஜோடியை இடது கையில் தூக்கிக்கொண்டு, சாவிக்கொத்து சத்தம் போடாதபடி வலது உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, சாக்ஸ் காலோடு மூன்றாம் மாடிக்கு ஏறி வருகிறாள். எங்கள் வாசலில் நின்று கதவில் காதை வைக்கிறாள். உள்ளே பேச்சுக் குரல் கேட்டால் சாவியை மெல்லத் திருகி, கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு நுழைகிறாள். பேச்சு நின்றுவிடுகிறது. நிற்காமல் என்ன செய்யும்? இப்படித் திடுதிப்பென்று ஒருத்தி முன்னால் வந்து நின்றால் எனக்கு மூச்சே நின்றுவிடுகிறது.

“என்னைப் பத்திதானே பேசிட்டு இருந்தீங்க?”

“இல்லையே, சும்மாதான் பேசிட்டு இருந்தோம்” என்பாள் என் அக்கா, அவளைப் பெற்றவள். மகள் எங்கள் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்ப்பாள். பிறகு “சரி, சரி” என்று தலையாட்டிக்கொண்டே தன் அறைக்குள் போய்விடுவாள். அந்த இரண்டாவது ‘சரி’யில் எங்கள் மேல் ஒரு வழக்கே பதிவாகியிருக்கும்.

வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர், வைத்தவர் அவள் அப்பா. அந்தப் பெயரும் தன் முதுகுக்குப் பின்னால் வைக்கப்பட்டதுதான் என்று கண்டுபிடித்தபோது இரண்டு நாள் அவர் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. போன வருடம் வரை இவள் பள்ளியிலிருந்து வருவது தெருமுனையிலேயே தெரிந்துவிடும். கீழ் வாசலில் ஆரம்பித்த கதையை மூன்றாம் மாடி வந்து முடிப்பாள். திடீரென்று நான்கு விரல் உயரம் கூடியது, நெற்றி நிறையப் பருக்கள் வந்தன, குரல் உள்ளே போய்விட்டது. இப்போது தெருவில் யார் சிரித்தாலும் கை நெற்றிக்குப் போகிறது.

காலையில் கிளம்பும் முன் மேசை இழுப்பறையின் இடுக்கில் ஒற்றைத் தலைமுடியைச் செருகிவிட்டுப் போகிறாள். மாலையில் முடி கீழே கிடந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவளை மட்டும் குறை சொல்வானேன்? முடி பல நாள் கீழேதான் கிடக்கிறது. திறப்பவள் அக்கா. இவள் எதையோ மறைக்கிறாள் என்று அவளுக்குச் சந்தேகம். அம்மா துழாவத் துழாவ மகள் ஒளிக்கிறாள். மகள் ஒளிக்க ஒளிக்க அம்மா துழாவுகிறாள். இழுப்பறையில் நான் பார்த்தவரை ஒரு பருக்களிம்பும் முனை ஒடிந்த காம்பஸும்தான் இருந்தன. ஆம், நானும் பார்த்தேன்.

அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பது என் வேலை. சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். போன வாரம் ஒரு மாலை அங்கே வந்து, தன் போனை என் தாள்களின் மேல் வைத்தாள்.

“சித்தி, இதைப் பாருங்க.”

பார்த்தேன். ‘சரி.’ என்று இருந்தது. அனுப்பியவள் நெட்டை. ஆறாம் வகுப்பிலிருந்து இவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். இவளுக்கு இருக்கும் ஒரே தோழி. நாளைக்கு லைப்ரரிக்குச் சேர்ந்து போகலாமா என்று இவள் கேட்டதற்கு வந்த பதில் அது. இதில் என்ன என்று கேட்டேன்.

“புள்ளி வெச்சிருக்கா, சித்தி. அவ எப்பவும் புள்ளி வைக்கவே மாட்டா.”

இருபது வருடமாகப் புள்ளி வைப்பதே என் பிழைப்பு. யார் மேலும் கோபப்பட்டு ஒரு புள்ளிகூட வைத்ததில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. நானும் நெட்டையின் கட்சியோ என்ற ஐயம் கண்ணில் வந்து போனது. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“எனக்கு வயித்தைப் பிசையுது. ஒண்ணுமே இல்லைன்னா ஏன் பிசையணும்?”

மறுநாள் லைப்ரரிக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாள் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு மாறினாள். நெட்டை பள்ளி வாசலில் காத்திருக்க, இவள் பின்வாசல் வழியாக வந்துவிட்டாள். மூன்றாம் நாள் நெட்டை வேறொருத்தியோடு சாப்பிட உட்கார்ந்தாள். அன்று மாலை இவள் என் மேசைக்கு வந்து, “நான்தான் சொன்னேன்ல?” என்றாள். சொன்னது பலித்த முகமாக அது இல்லை. கண் இமைகள் வீங்கியிருந்தன.

புள்ளியைப் பார்த்துக் கதை கட்டியது மனசு. அதைக் கேட்டுப் பயந்தது வயிறு. பயத்தில் பெஞ்சு மாறியது கால். கடைசியில் கால் செய்த வேலையையே மனசு சாட்சிக்குக் கூப்பிடுகிறது. மூலப் பிரதியைப் பார்க்காமல், பிழையான பிரதியை வைத்தே பிழை திருத்துகிறாள். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை. நெட்டையும் போய்விட்டால் இவளுக்கு அந்தப் பள்ளியில் யாரும் இல்லை.

சனிக்கிழமை, அவள் டியூஷனுக்குப் போயிருந்த நேரத்தில் பெல் அடித்தது. நெட்டை நின்றாள். நான் கதவைப் பாதிதான் திறந்தேன். இவள் இல்லாத நேரமாகப் பார்த்து ஏன் வருகிறாள்? யார் அனுப்பியது? தோள் பையில் என்ன இருக்கிறது? நினைத்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. இந்த வீட்டு வியாதி எனக்கும் தொற்றிவிட்டது.

உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பையில் இருந்தது இவளுடைய கணக்கு நோட்டு. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வந்தாளாம். கொடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

“அவ ஏன் பேச மாட்டேங்கறான்னு உங்ககிட்ட சொன்னாளா, ஆன்ட்டி? நான் என்ன பண்ணேன்னே தெரியலை.”

வாசலைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டாள். நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்தப் புள்ளியை ஏன் வைத்தாய் என்று கேட்டேன்.

“எந்தப் புள்ளி?” என்றாள்.

பதில் சொல்ல வாயெடுத்தபோது கதவு படாரென்று திறந்தது. இடது கையில் ஷூவோடு சி.ஐ.டி. நின்றாள். எங்கள் பேச்சு நின்றுவிட்டது. இத்தனை நாள் வீண் பழி. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிபட்டோம்.

“என்னைப் பத்திதானே?”

‘இல்லையே’ என்ற பதில் பழக்க தோஷத்தில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நெட்டை முந்திக்கொண்டாள்.

“ஆமா. உன்னைப் பத்திதான். உன்கிட்டயே கேக்கலாம்னா நீ நிக்கவே மாட்டேங்கறியே.”

அந்தக் கேள்விக்கு இந்த வீட்டில் யாரும் ‘ஆமா’ சொன்னதில்லை. அவள் நெட்டையின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் நெட்டையின் முகத்தைப் பார்த்தாள். பிடிக்க அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. திரும்பி வெளியே போனாள். கதவு மூடிக்கொண்டது. சாக்ஸ் கால் படியிறங்குவது யாருக்கும் கேட்காது.

“போயிட்டா” என்றாள் நெட்டை. அவள் கண் நிறைந்துவிட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, கீழ் வாசலில் ஷூச் சத்தம் கேட்டது. டொக் டொக்கென்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிற்கவில்லை. எங்கள் வாசலுக்கு வந்துதான் நின்றது. சாவி அவள் கையில்தான் இருந்தது. பெல் அடித்தாள்.