பாதிச் சூடு

“…வோல்ட்மீட்டரு முள்ளு இருநூத்து முப்பதுல நிக்காம நூத்தறுபதுல கெடக்கு, ஹீட்டரு மூணு ஆம்பியருதான் இழுக்கும். பெருக்கிப் பாருங்க, ஆயிரம் வாட்டுல பாதிகூட வரல!”

இன்று கொடைக்கானல் விடுதியில் ஹீட்டர் கம்பியில் தூசி கருகும் வாசனை வந்ததுமே, பள்ளி லேபில் வேலை பார்த்த அம்மாவின் அந்தக் குரல் கேட்டது. எனக்கு அப்போது ஏழு வயது. பச்சைக்குழந்தையான தம்பி குளிரில் விறைத்துக்கொண்டிருந்தான். அப்பா நிலைகொள்ளாமல் உலாத்தினார்.

“பக்கத்து வீட்டு ஹீட்டரையும் வாங்கி மாட்டுறேன் புள்ள.”

“ரெண்டும் சேந்தா ஆறு ஆம்பியரு. பியூசு அஞ்சுதான் தாங்கும். அது போனா இருக்கிற சூடும் போயிரும்.”

“பியூசுக்குத் தடிச்ச கம்பியாக் கட்டுறேன்.”

“கட்டுங்க. சுவத்து வயரு பத்திக்கிட்டா எல்லாரும் நல்லாக் குளிர்காயலாம்!”

அம்மா அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, ஸ்வெட்டர், சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, தம்பியை அவர் நெஞ்சோடு சேர்த்து வைத்து மூடினாள்.