அண்ணனின் மிதிக்குப் பூஜ்யம்

என் பொருள் எல்லாம் தன் பொருள் என்பது என் அண்ணனின் எண்ணம். நான் ஆசையாக வாங்கிய ஸ்கூட்டியை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் தோஸ்துக்குத் தூக்கிக் கொடுத்தான். "வூட்ல சும்மாத்தானே கீது" என்றான். அம்மாவும் அவன் பக்கம். அந்த ஆத்திரம் எனக்கு அடங்கவே இல்லை. அடக்கவும் நான் முயலவில்லை.

பிறகு எண்ணூரில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. கன்டெய்னர் லாரிகள் குதறிப்போட்ட சாலை. அதனால் தடித்த டயர் வைத்த மின்சார மலை சைக்கிள் வாங்கினேன். அதன் மிதிகளை இணைக்கும் அச்சில் முறுக்குவிசையை உணரும் டார்க் சென்சார் இருக்கிறது. கால் அழுத்தும்போது அந்த அச்சு கண்ணுக்குத் தெரியாத அளவு முறுகும். அந்த முறுக்கை அளந்து, அதற்கேற்ப மோட்டார் தள்ளும். மெல்ல மிதித்தால் கொஞ்சம், ஓங்கி மிதித்தால் நிறைய.

ஒரே நிபந்தனை, சுவிட்சைப் போடும்போது மிதியில் கால் இருக்கக் கூடாது. அந்த நொடியில் இருக்கும் அழுத்தத்தைத்தான் சென்சார் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். காசிமேட்டில் மின் தராசின் மேல் காலிக் கூடையை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு மீனைப் போடுவார்களே, அதே கதைதான். கூடை கணக்கில் வராது.

அண்ணன் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தான். "இத நான் எட்த்துக்கறேன். மோட்டாரு தள்ற வண்டில நீ இன்னா மிதிக்கிற?"

"கத்திவாக்கம் மேம்பாலத்த எறங்காம ஏறிக் காட்டு, எட்த்துக்கோ. ஏறலன்னா இனிமே என் சாமான் எதையும் தொடக் கூடாது."

தோஸ்துகளைத் திரட்டிக்கொண்டு வந்தான். ஏற்றத்தில் பிரேக்கை இறுக்கி, வலது மிதியில் மொத்த உடம்பையும் ஏற்றி நின்றான். பைக்கின் கிக்கரை உதைத்தே பழகிய கால்.

"அண்ணா, சுவிட்ச் போட்றதுக்கு முன்னால கால..."

"வாய மூடுமே. வண்டி ஓட்ட எனக்கே கத்துத் தர்றியா?"

மூடிக்கொண்டேன். அவன் சொல்லை அவ்வளவு சந்தோஷமாக நான் கேட்டதே இல்லை.

சுவிட்சைப் போட்டான். அவன் எடை முழுக்கக் கூடையாகிப் போனது. அதற்கு மேல் அழுத்தினால்தானே மோட்டார் அசையும்? பாதி ஏற்றத்தில் விழி பிதுங்கி இறங்கினான். "மோட்டாரு பூட்ச்சி. பேஜாரு வண்டி."

நான் சுவிட்சை அணைத்துவிட்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு மறுபடி போட்டேன். மூச்சு வாங்காமல் உச்சிக்குப் போய்த் திரும்பினேன்.

"இன்னா மாமு, தங்கச்சி ஏறிடுச்சே!" என்றான் ஒரு தோஸ்து.

அண்ணன் என்னைப் பார்த்தான். "எனக்கு மட்டும் ஏன்மே ஏறல?"

"உன் மிதிய அது பூஜ்யம்னு எட்த்துக்கிச்சுண்ணா."

தோஸ்துகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் நக்கல் செய்ததாக நினைத்து அண்ணன் தலை குனிந்தான். நான் உள்ளதைத்தான் சொன்னேன்.