லூர்துமேரி காலில் கட்டிய மெஷின்

விழுப்புரத்தில் எலும்பு டாக்டர் தன்னைக் கேட்ட ஒரு கேள்வியை ஆரோக்கியராஜ் நாலு வருஷமாகியும் மறக்கவில்லை. "மெஷின் எழுநூறு மணி நேரம் ஓடியிருக்கு. இவங்க எலும்பு கொஞ்சமும் கூடல. நெசத்தச் சொல்லுங்க, உங்க முட்டிக்குக் கட்டிக்கிட்டீங்களா?" வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதைவிட உறுத்தியது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி லூர்துமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கும் மில்லில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள். கூட்டேரிப்பட்டில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆறு மாசம் மாவுக்கட்டு போட்டும் கூடவில்லை; வாக்கரைப் பிடித்துத்தான் நடந்தாள். அப்புறம்தான் டாக்டர் அந்த மெஷினைக் கொடுத்தார். வளையம் மாதிரி ஒரு பட்டை, ஒரு ஒயர், உள்ளங்கை அகலத்துக்கு, ஓடும் நேரத்தையும் எண்ணிவைக்கும் ஒரு பெட்டி. அதிலிருந்து காந்த அலை எலும்புக்குள் போய் அதை வளரத் தூண்டுமாம். தினம் எட்டு மணி நேரம் கட்டியிருக்க வேண்டும். சூடும் தெரியாது, ஷாக்கும் அடிக்காது.

அதுதான் வினையாகப் போயிற்று. டாக்டர் அப்படிக் கேட்ட அன்று, திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆரோக்கியராஜ் அவளைக் கேட்டான்.

"எங்கடி போச்சு எழுநூறு மணி நேரம்?"

"காலைல பக்கத்து வூட்டு கெங்கம்மா அக்கா முட்டிக்கு. அப்பறம் முனியம்மா இடுப்புக்கு. சாயங்காலம் புனிதா தோளுக்கு."

"உனக்கு?"

"படுக்கறப்ப கொஞ்சம். எனக்குக் கட்டினா ஒண்ணுமே தெரியல. அவங்களுக்கு வலி எறங்குதாம். கேட்டா எப்படி இல்லன்றது?"

"மிக்சியா அது, தெருவெல்லாம் சுத்திக்கினு வர்றதுக்கு?"

விடியுமுன் மண்டிக்கு மூட்டை தூக்கப் போகிறவனுக்கு வீட்டில் நடந்தது தெரியவில்லை. தெரிந்த பிறகும் டாக்டரிடம் அவளைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. டாக்டர் இன்னும் மூன்று மாசம் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் கூடாவிட்டால் இடுப்பிலிருந்து எலும்பு வெட்டிக் காலில் வைக்க வேண்டும். கத்தி என்றாலே லூர்துமேரிக்குப் பயம்.

மறுநாளிலிருந்து அவளை லோடு ஆட்டோவில் ஏற்றி மண்டிக்கே கூட்டிப்போனான். மூட்டைமேல் காலை நீட்டி உட்காரவைத்து, பட்டையைத் தன் கையால் இறுக்கிவிட்டுத்தான் முதல் மூட்டையைத் தூக்குவான். கெங்கம்மாள் அங்கேயும் தேடி வந்துவிட்டாள்.

"இன்னா தம்பி, பொண்டாட்டிய மண்டில அடகு வச்சிட்டியா?"

"ஆமாக்கா, மெஷினோட சேத்து. நீ ஆஸ்பத்திரிக்குப் போயி உன் முட்டியக் காட்டு."

லூர்துமேரி தரையைப் பார்த்தாள். ஆனால் பட்டையை அவிழ்க்கவில்லை. கெங்கம்மாள் ஒரு மாசம் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் மாசம் முடிந்து எடுத்த எக்ஸ்ரேயில் இடைவெளியை அடைத்துக்கொண்டு வெள்ளையாக எலும்பு வளர்ந்திருந்தது. "ஆபரேஷன் வேணாம். இனிமே கைத்தடி போதும்" என்றார் டாக்டர். மெஷினை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

வாசலுக்கு வந்ததும் லூர்துமேரி புதுக் கைத்தடியை ஊன்றி நின்று, அவன் கையிலிருந்த வாக்கரைக் காட்டினாள். "இந்த வாக்கர இங்கயே குடுத்துட்டு வந்துடு."

"இது நம்பளுதுடி."

"தெரியுது. வூட்டுக்கு வந்துச்சுன்னா எவளாவது கேப்பா. எனக்கு இல்லன்னு சொல்ல வராது. நீ ஜல்தியா குடுத்துட்டு வா, நான் மெதுவா நடந்து போய்க்கினு இருக்கேன்."