அப்பாவின் ரப்பர் பூட்ஸ்

எங்கள் பள்ளிச் சமையலறையில் இருபத்திரண்டு வருடமாக ரொட்டி சுடும் அகினிசிக்கு வயது ஐம்பது. அவளுடைய அப்பாவுக்கு வயது எட்டு. இரண்டாம் வகுப்பு படிக்கிறார். முன்பல் இரண்டும் இல்லை.

அகினிசியைப் பெற்ற என் பெரியப்பா குமாலுக் பனி உடைந்து கடலுக்குள் போய் முப்பத்தொரு வருடமாகிறது. எதிர்வீட்டு சியாஜா தன் பெண் குழந்தைக்கு அவர் பெயரை வைத்த நாளிலிருந்து அந்தக் குழந்தை அகினிசிக்கு அப்பா, எனக்குப் பெரியப்பா. பெயர் வந்துவிட்டால் ஆளும் வந்தாயிற்று. இதில் விளக்க என்ன இருக்கிறது? பள்ளி பஸ் ஓட்டுகிற நான் தினமும் காலையில், "பெரியப்பா, சீட்டு மேல ஏறி நிக்காதீங்க, உங்க கால்ல வேணா விழறேன்" என்று கெஞ்சுவேன். பெயரைச் சுமப்பவரை அதட்டக் கூடாது, போனவர் மனம் கோணிவிடும். அது அந்தப் பல்லில்லாத கிழவருக்கு நன்றாகவே தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை அட்டகாசமும்.

சியாஜாவுக்கு மருத்துவமனையில் காலை வேலை. அதனால் பிள்ளை விடிந்ததும் அகினிசியிடம் வந்துவிடும். "மகளே, டீல சர்க்கரை பத்தல" என்று அது சொல்ல, "இதோப்பா" என்று இவள் ஓடுவாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

அகினிசியிடம் எல்லோரும் கேலி செய்கிற விஷயம் ஒன்று உண்டு. அவள் கடல்பனியில் கால் வைக்க மாட்டாள். எங்கள் வடகோடி ஊரில் வருடத்தில் எட்டு மாதம் உறைந்த கடல்தான் எங்களுக்குச் சாலை. ஊரே வாத்து வேட்டைக்கும் மீனுக்கும் வளைகுடாவைத் தாண்டிப் போகும்போது அவள் கரையில் நின்று கையசைப்பாள். "தெற்கேருந்து வந்த டீச்சரம்மா கூட போறா, உனக்கென்ன கேடு?" என்பார்கள். சிரித்து மழுப்பிவிடுவாள்.

காரணத்தை என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னாள், பாத்திரம் கழுவிக்கொண்டே. அன்று அப்பாவுக்குப் பத்தடி பின்னால் அவள் நடந்து வந்திருக்கிறாள். பத்தொன்பது வயது. முன்னால் பனி கறுத்துக் கிடந்ததை அவள் பார்த்தாள்; கறுத்த பனி மெல்லியது, ஆளைத் தாங்காது. "சொல்லலாமான்னு நெனச்சேன்டா ஜூபி. நாப்பது வருஷமா வேட்டையாடுற மனுஷன், அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு வாயை மூடிக்கிட்டேன்."

மே கடைசியில் பள்ளி மூடுகிற நாள் வந்தது. எல்லா வருடமும் போலத்தான்: காலையில் பள்ளி முழுக்க வளைகுடாப் பனியில் துளைபோட்டு மீன்பிடிப் போட்டி, மாலையில் விளையாட்டுக் கூடத்தில் பரிசு, கடைசியில் கூரையிலிருந்து மிட்டாய் வீச்சு. முந்தின வாரம் முழுக்க வெயில் கொளுத்தியிருந்தது. பெரியவர்கள் உளிக்கோலால் பனியைக் குத்திக் கனம் பார்த்துப் பாதைக்குக் கொடி நட்டிருந்தார்கள். அந்தப் பாதையில் பயமில்லை. அகினிசிக்கு மட்டும் ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

"அப்பா, இன்னிக்கு என்கூடவே இருங்களேன். ரொட்டி மாவு பிசையலாம்" என்று அவள் கெஞ்சுவது என் காதில் விழுந்தது.

பெரியப்பா மூக்கைச் சுருக்கினார். முடியாது என்று அர்த்தம். "மாவு பிசையறதுக்கா மகளே நான் பொறந்தேன்? நான் பெரிய மீனு பிடிக்கணும்."

அப்பாவைப் போகாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பயம் அவளைக் கோணல் வழியில் கொண்டுபோனது. பிள்ளையின் ரப்பர் பூட்ஸைத் தூக்கி மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். கரையில் டீச்சர் பெயர் கூப்பிட்டபோது, "குமாலுக்குக்கு வயித்துவலி, வரல" என்று பொய்யும் சொன்னாள். நானும் நம்பினேன். பனிவண்டிகள் வரிசையாகப் போய்விட்டன. பூட்ஸ் இல்லாத பிள்ளை நடைவழியில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம்.

டீக் கெட்டில்களை எடுத்துப்போக நான் என் பனிவண்டியில் திரும்பி வந்தேன். சமையலறையில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. அகினிசி சின்ன ரப்பர் பூட்ஸைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஜூபி, அப்பாவைக் காணோம்டா. அடுப்பைத் திறக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். என்னோட பூட்ஸையும் காணோம்."

வாசலில் பார்த்தேன். சேற்றுப்பனியில் பெரிய பூட்ஸ் தடம், உள்ளே சின்னக் கால் லொடலொடவென்று ஆட இழுபட்ட தடம். அது கொடிப் பாதைக்குப் போகவில்லை. நேரே, கரை கடலுக்குள் நீளும் முனைப் பக்கம் போயிருந்தது. மீன்பிடிக்கிற கூட்டம் அங்கிருந்து பார்த்தால் கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும், அதனால் பிள்ளைக்கு அது குறுக்குவழியாகப் பட்டிருக்கும். முனைக்கு அடியில் நீரோட்டம் ஓடுகிறது. வருடாவருடம் முதலில் உடைவது அந்த இடம்தான். அங்கே இருப்பவர்கள் பிள்ளை வீட்டில் இருப்பதாக நினைக்கிறார்கள். ஒருவரும் தேடப் போவதில்லை.

பனிவண்டிக்குப் பின்னால் நீளச் சறுக்குப்பலகை கட்டியிருந்தது. அகினிசியை அதில் ஏற்றிக்கொண்டு கரையோரமாகவே ஓட்டினேன். "நான்தான்டா அனுப்பிட்டேன், மறுபடியும் நான்தான்" என்று அவள் என் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முனையில் இறங்கினோம். கரையிலிருந்து நூறடியில் பனி பிளந்து கிடந்தது. பிள்ளை தாண்டும்போது ஒரு எட்டு அகலம் இருந்திருக்க வேண்டும். கடல் மட்டம் ஏற ஏற விரிந்து, இப்போது ஒரு ஆள் நீளத்துக்குக் கறுப்புத் தண்ணீர். அதற்கு அந்தப் பக்கம் மஞ்சள் கோட்டும் பெரிய பூட்ஸுமாகப் பெரியப்பா போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் பனி சாம்பல் நிறத்தில் இருந்தது, அதற்கும் முன்னால் கறுத்திருந்தது.

"பெரியப்பா! கொஞ்சம் நில்லுங்க!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு மேலே நடந்தார். "பெரியப்பா, தயவு செஞ்சு!" என்னால் அவ்வளவுதான் முடிந்தது. அந்த நேரத்திலும் என் நாக்கு மரியாதையை விடவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அகினிசி என் பக்கத்தில் இல்லை. முப்பத்தொரு வருடம் கழித்து, சமையலறைச் செருப்போடு, அவள் பனியில் ஓடிக்கொண்டிருந்தாள். பிளவின் விளிம்பில் போய் நின்றாள். அப்படி ஒரு குரல் அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

"குமாலுக்! நில்லுடி! இன்னொரு அடி வெச்சே, காலை ஒடிச்சுப்புடுவேன்! உக்காருடி கீழே!"

பிள்ளை திகைத்துப்போய் அப்படியே தொப்பென்று உட்கார்ந்தது. பிறந்ததிலிருந்து அதை ஒருவரும் அதட்டியதில்லை. பிறகு ஓவென்று அழ ஆரம்பித்தது.

நான் சறுக்குப்பலகையை அவிழ்த்து இழுத்துப்போய்ப் பிளவின் குறுக்கே தள்ளினேன். எடை குறைந்தவள் அகினிசி. அவள் குப்புறப் படுத்துத் தவழ்ந்து போனாள். பலகைக்கு அடியில் தண்ணீர் சளப் சளப்பென்று அடித்தது. அவள் பற்கள் கிட்டித்துப் போயிருந்தன. பிள்ளையின் கோட்டைப் பற்றித் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். கரைக்கு வந்ததும் இரண்டு பேரையும் பனிவண்டியில் ஏற்றிக்கொண்டேன். விழாவுக்கு முன்னால் நான் பெரியவர் ஒருவரோடு பிளவைப் படகில் தாண்டிப் போய், பிள்ளை உட்கார்ந்த இடத்துக்கு நாலடி முன்னால் உளிக்கோலை வைத்தேன். குத்தக்கூட இல்லை, வைத்தேன். கோல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

பரிசளிப்பு விழாவில் அகினிசி எல்லோர் முன்னாலும் எழுந்து தான் சொன்ன பொய்யைச் சொன்னாள். சியாஜா எழுந்து வந்தாள், திட்டப் போகிறாள் என்று பார்த்தால் அகினிசியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கூரையிலிருந்து மிட்டாய் கொட்டியது, ஊரே விழுந்து புரண்டு பொறுக்கியது. பெரியப்பாவும் தொப்பி நிறையப் பொறுக்கினார். ஆனால் அகினிசி பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. அவளும் சாப்பிடவில்லை. அப்பாவை அதட்டியாகிவிட்டது, இனி என்ன ஆகுமோ என்ற பயம் அவளை விட்டபாடில்லை.

பஸ்ஸில் திரும்பினோம். என் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியில் குரல் கேட்டது.

"மகளே."

"சொல்லுங்கப்பா."

"என்னைக் காலைல டி போட்டே."

"ஆமாப்பா. தப்புதான்."

பெரியப்பா மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "எனக்கு அந்த ஐஸ் கறுப்புன்னு தெரியல. தூரத்துல மீனைத்தான் பாத்துட்டிருந்தேன். நீ கத்தலேன்னா போய்ட்டே இருந்திருப்பேன்." தொப்பிக்குள் இன்னொரு மிட்டாயைத் துழாவினார். "எனக்குத் தெரியலேன்னா கத்து மகளே. அப்பாவாச்சேன்னு பாக்காதே."

கண்ணாடியில் பார்த்தேன். அகினிசி அந்தச் சின்னக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கண்களில் வைத்துக்கொண்டிருந்தாள், தோள்கள் குலுங்கின. எனக்கும் சாலை சரியாகத் தெரியவில்லை. அவள் வீட்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டே போய்விட்டேன்.

"டேய் ஜூபி! நிறுத்துடா!" என்று பின்னாலிருந்து அவள் கத்தினாள்.